ஒரு அடி, இரண்டு சத்தம்

கஜபதியைத் தேடி வந்து ஒரு ராக் குழு கூப்பிடுகிறது என்றால் அதில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும் என்று மனோகரனுக்கு முதல் நாளே தோன்றிவிட்டது. கஜபதி நன்றாகவே கிட்டார் வாசிப்பான். ஆனால் நன்றாக வாசிப்பது வேறு, ஆறு மாதம் பெங்களூர் ஓட்டலில் வாசிக்க வா என்று ஆள் வந்து கூப்பிடுவது வேறு. சேக்காட்டு மொட்டை மாடியில், காய்கிற வடாமுக்கும் ஆன்டெனா கம்பிக்கும் நடுவில் உட்கார்ந்து, பழகியதையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தவனிடம் எதைக் கண்டார்கள்?

குழுவின் பெயர் ரெட் சிக்னல். பாடுகிறவன்தான் தலைவன். சுவரொட்டியில் வீரா என்று போட்டிருந்தது. உண்மைப் பெயர் மதுரைவீரன் என்பதைத் தேவராஜ் எங்கிருந்தோ கண்டுபிடித்துக்கொண்டு வந்தான். தேவராஜுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. ஊர்ச் செய்தியெல்லாம் அவன் வழியாகத்தான் நண்பர்களுக்கு வரும்.

“பேரையே சுருட்டிக்கினு கீறான் மாமே. மத்தது எத்தையும் சுருட்ட மாட்டான்னு இன்னா நிச்சயம்?” என்றான்.

விளையாட்டாகச் சொன்னதுதான். மனோகரனால் விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. வரும் திங்கட்கிழமை கஜபதி, மனோகரன் வேலை பார்க்கிற தொழிற்சாலையில் அப்ரண்டிஸாகச் சேர வேண்டும். கஜபதியின் அப்பா அதே தொழிற்சாலையில் இரும்பு உருக்கும் பிரிவில் இருந்து, நெஞ்சு கெட்டு, பாதியில் நின்றவர். அந்த வழியில் கிடைத்த இடம். அதைத் தவறவிட்டால் இன்னொரு முறை கூப்பிட மாட்டார்கள். அதே திங்கட்கிழமை காலை ரயிலில்தான் ரெட் சிக்னல் பெங்களூர் கிளம்புகிறது.

“ஞாயித்துக்கெழம முத்தாபுதுப்பேட்டை கிரவுண்ட்ல அவனுங்க ஷோ கீது. நீ வந்து பாரு மச்சான்” என்றான் கஜபதி. “கடசிப் பாட்டுக்கு என்ன மேடைக்கு கூப்புடறேன்னு வீரா சொல்லிக்கிறாரு. அதுக்கு முன்னாடி நீ சொல்லிடணும். நெஜமா வாசிக்கிறானுங்களா, இல்ல கேசட்ட ஓட வுட்டு பிலிம் காட்றானுங்களான்னு. நீ ஓகேன்னா மேடையேறி வாசிச்சிட்டு அவனுங்களோட போறேன். நீ வேணாம்னா திங்கக்கெழம உங்கூட சைக்கிள்ல பேக்டரிக்கு வரேன்.”

கேசட்டை ஓடவிட்டு வாயசைக்கிற குழுக்களைப் பற்றி அந்த எண்பத்தொன்பதாம் வருடம் எல்லாருமே பேசினார்கள். யாரும் நேரில் பிடித்ததில்லை. ஆனாலும் பேசினார்கள்.

ஞாயிறு மதியம் மனோகரன் சேக்காட்டுக்குப் போனபோது கஜபதியின் அம்மா கண்ணம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைகளுக்குப் பித்தான் தைக்கிறவள். லீவு நாளிலும் கட்டை விரலில் துணி சுற்றியிருந்தது.

“நைனா, எத்த குடுத்தாலும் பிரிச்சுப் பாக்கறவன் நீ. எங்க ஊட்டு ரேடியோவயே மூணு வாட்டி பிரிச்சவன். அவனுங்களயும் பிரிச்சுப் பாரு. எம்மவன் என் பேச்ச கேக்க மாட்டான். நீ சொன்னா கேப்பான்.”

“பாத்து, உள்ளத சொல்றேம்மா.”

“உள்ளத சொல்லு. ஆனா போவாதன்னு சொல்லு” என்றாள் அவள்.

மனோகரனுக்குச் சிரிப்பு வந்தது. சைக்கிளில் ஏறி மிதித்தபோது அந்தச் சிரிப்பு போய்விட்டது. கண்ணம்மாவின் ஆசையில் தனக்கும் பங்கு உண்டு என்பது அவனுக்குத் தெரியும். ஒரு வருடமாக அவன் குவார்ட்டர்ஸிலிருந்து தனியாகத்தான் தொழிற்சாலைக்குப் போகிறான். மின்சாரப் பிரிவில் அவன் வயதுக்காரர்கள் யாரும் இல்லை. மோட்டார் எப்படிச் சுற்றுகிறது, ரிலே ஏன் ‘டிக்’கென்கிறது என்று அவன் சொல்ல ஆரம்பித்தால் நின்று கேட்கிற ஒரே ஆள் கஜபதி. அவனும் வந்துவிட்டால் காலை ஏழு மணிக்கு இரண்டு சைக்கிள்கள் சேர்ந்து போகும். இப்படி ஆசைப்படுகிறவன் சொல்கிற தீர்ப்பை எவ்வளவு நம்பலாம் என்று அவனுக்கு அவன் மேலேயே ஒரு சந்தேகம் இருந்தது.

மூவரும் போய்ச் சேர்ந்தபோது வெயில் இன்னும் தாழவில்லை. மைதானத்தின் ஒரு கோடியில் தார்ப் பீப்பாய்களின் மேல் பலகை போட்டு மேடை. மறு கோடியில் ஒரு வேப்பமரம், அதன் அடியில் சைக்கிள்கள், கடலை வண்டி. மரத்துக்குப் பின்னால் சாலை, ஒரு பக்கம் வற்றிப்போன ஏரி. மைக் செட்டு சேக்காட்டு சின்னப்பையனுடையது. சின்னப்பையன் எந்த விசேஷத்துக்கும் ஒரே மாதிரிதான் கட்டுவார். மேடைக்கு இரண்டு பெட்டி. அங்கிருந்து ஒயரை இழுத்துக் கம்பத்துக்குக் கம்பம், மரத்துக்கு மரம், தெருக்கோடி வரை கூம்பு ஸ்பீக்கர். கல்யாணமோ கூழ் ஊற்றுவதோ, கடைசி வீட்டில் படுத்திருக்கிறவர் காதிலும் விழ வேண்டும். விழாவிட்டால் மைக் செட்டு கட்டியதாகவே அவர் கணக்கில் சேராது.

அவருடைய மேசையைக் கடக்கும்போது மனோகரனின் கால்கள் தாமாக மெதுவாயின. ஆம்ப்ளிபயருக்குப் பக்கத்தில் ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது. அதிலிருந்து ஒயர் ஆம்ப்ளிபயருக்குப் போயிற்று. மூடியின் கண்ணாடி வழியே பார்த்தால் உள்ளே கேசட் இருந்தது. நிகழ்ச்சி தொடங்கவேயில்லை, மேடையில் இன்னும் டிரம்மை இழுத்து நகர்த்திக்கொண்டிருந்தார்கள். இந்த நேரத்தில் கேசட் எதற்கு?

“இன்னாடா மொறைக்கிற? அது உன்ன இன்னா பண்ணுச்சு?” என்றான் தேவராஜ்.

“ஒண்ணுமில்ல.”

கஜபதி இதையெல்லாம் கவனிக்கவில்லை. அவன் கண் மேடையில் சாய்த்து வைத்திருந்த சிவப்பு கிட்டாரின் மேல் இருந்தது. வீரா மேடையிலிருந்து அவனைப் பார்த்துக் கை உயர்த்தினான். கழுத்து வரை முடி, கறுப்பு பனியன், வாய் நிறையச் சிரிப்பு. அந்தச் சிரிப்பும் மனோகரனுக்குப் பிடிக்கவில்லை. நேற்றுப் பழகியவனைப் பார்த்து யாராவது இவ்வளவு சிரிப்பார்களா?

முன்னால் நிற்கலாம் என்று கஜபதி இழுத்தான். மனோகரன் மறுத்தான். “கிட்ட நின்னா சத்தம்தான் கேக்கும். தூரத்துல நின்னாதான் முழுசும் தெரியும்” என்று வேப்பமரத்தடிக்கே கூட்டிப்போனான். அது அவன் செய்த முதல் தவறு. அப்போது அதைத் தவறென்று அவனால் அறிந்திருக்க முடியாது.

பாட்டு தொடங்கியது. இங்கிலீஷும் தமிழும் கலந்து, மின்சார ரயிலைப் பற்றி வீராவே எழுதிய பாட்டு. முன்வரிசையில் குவார்ட்டர்ஸ் பையன்கள் குதித்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் எழுந்து போவதா இருப்பதா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மனோகரன் பாட்டைக் கேட்கவில்லை. டிரம்மரின் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் வழி எப்போதும் இதுதான். ஒரு யந்திரம் முழுவதையும் ஒரே நேரத்தில் பார்த்தால் ஒன்றும் புரியாது. அசைகிற ஒரு பாகத்தைத் தேர்ந்துகொண்டு அதை மட்டும் தொடர வேண்டும். டிரம்மர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான், கையைத் தலைக்கு மேல் தூக்கித் தூக்கி அடித்தான், ஆகவே அவ்வளவு தூரத்திலும் தெரிந்தது. கை இறங்கும், உடனே ‘தம்’ என்று கேட்கும். இதுவரை சரி. ஆனால் அதற்குக் கொஞ்சம் பின்னால், கண் ஒரு தரம் இமைக்கிற நேரத்துக்குள், மெலிதாக இன்னொரு ‘தம்’ வந்தது.

முதலில் அது காலால் அடிக்கிற பெரிய டிரம் என்று நினைத்தான். அப்படியானால் சத்தம் வேறாக இருக்க வேண்டும். இது அதே சத்தம், சற்று மங்கலானது. கை ஒரு முறை இறங்கினால் இரண்டு ‘தம்’. நான்கு முறை இறங்கினால் எட்டு.

எதிரொலியோ என்று திரும்பிப் பார்த்தான். எதிரொலிக்கு ஒரு சுவர் வேண்டும். சத்தம் போய் மோதித் திரும்ப எதிரே கட்டடமாவது பாறையாவது இருக்க வேண்டும். அவனுக்குப் பின்னால் சாலை, அதற்கப்பால் முள்வேலி போட்ட வெற்று நிலம். பக்கத்தில் ஏரி. மோதுவதற்கு எதுவும் இல்லை.

அப்படியானால் ஒரு சத்தம் அந்தக் கையுடையது. மற்றது யாருடையது?

சின்னப்பையனின் மேசையில் இருந்த கேசட் அவன் நினைவுக்கு வந்தது. ஒரு காரியமாகப் போவது போல நடந்து மேசைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். கேசட்டின் இரண்டு பற்சக்கரங்களும் சுற்றிக்கொண்டிருந்தன.

அத்தனையும் ஒரே கணத்தில் பொருந்தின. கேசட்டில் பாட்டு ஓடுகிறது. அதன் மேலேயே டிரம்மர் அடிக்கிறான். என்னதான் பழகினாலும் கேசட்டோடு மயிரிழை பிசகாமல் அடிக்க மனிதனால் முடியாது, அதனால்தான் இரண்டாகக் கேட்கிறது. இவர்களுக்கு கிட்டார் வாசிக்கத் தெரிந்தவன் வேண்டாம். கிட்டாரைப் பிடித்துக்கொண்டு நிற்க ஒருவன் வேண்டும். கஜபதியைக் கூப்பிட்ட காரணம் இப்போதுதான் விளங்கியது.

“கஜா” என்றான். “கேசட்டுடா.”

கஜபதி திரும்பவில்லை. “இன்னா சொல்றே?”

“அவன் கைய பாரு. ஒரு அடிதான் அடிக்கிறான். எத்தன சத்தம் கேக்குது, எண்ணு.”

கஜபதி பார்த்தான். காதுள்ளவன், சொன்னதும் பிடித்துக்கொண்டான். அவன் முகத்தில் இருந்த வெளிச்சம் குறைவது பக்கத்தில் நின்றவனுக்கு நன்றாகத் தெரிந்தது. தேவராஜும் கடலையை மெல்வதை நிறுத்திவிட்டு எண்ணினான்.

“ஆமாம் மாமே. ரெண்டா கேக்குது. அடப்பாவி, ஊர ஏமாத்திக்கினு கீறான். நான் சொல்லல, பேர சுருட்டனவன்னு?”

“மேசையில கேசட்டு சுத்துது. பாத்துட்டுதான் வர்றேன்” என்றான் மனோகரன்.

மேடையில் வீரா மைக்கில் அடுத்த பாட்டின் பெயரைச் சொன்னான். அது முடிந்தால் கடைசிப் பாட்டு.

“வா, போலாம்” என்றான் கஜபதி. “அவன் என் பேர சொல்றதுக்கு முன்னாடி கெளம்பிடலாம். கூப்ட்டு நான் போவலன்னா அசிங்கமா பூடும்.” சட்டைப் பையிலிருந்து கிட்டார் மீட்டுகிற சின்ன வில்லையை எடுத்துப் பார்த்தான். மறுபடி பைக்குள் போட்டான். “நாளைக்கு எத்தன மணிக்கு வருவே?”

“ஏழுக்கு” என்றான் மனோகரன். அவன் நெஞ்சுக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம் எழுந்தது. எழுந்த வேகத்தைப் பார்த்து அவனுக்கே கூச்சமாகிவிட்டது.

சைக்கிள் பூட்டைத் திறக்கக் குனிந்தபோது கரண்டு போனது.

வானத்தில் வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்ததால் இருட்டவில்லை. சத்தம் மட்டும் போனது. பாட்டு, கிட்டார், வீராவின் குரல் எல்லாம் ஒரே வெட்டில் நின்றன. முன்னால் ஓவென்று கூச்சல். அதற்கு நடுவே டிரம் மட்டும் நிற்கவில்லை. டிரம்முக்குக் கரண்டு தேவையில்லை. கை இருந்தால் போதும். ஆள் விடாமல் அடித்தான், பையன்கள் அவனுக்குக் கை தட்டினார்கள்.

மனோகரன் பழக்கத்தில் அந்தக் கையைப் பார்த்தான். பார்த்தவன் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

வெள்ளைச் சட்டைக் கை இறங்கியது. சத்தம் இல்லை. கை மறுபடி மேலே போகத் தொடங்கிய பிறகுதான் ‘தம்’ வந்தது. மறுபடி இறங்கியது. மறுபடி தாமதம். இப்போது ஒரே ஒரு சத்தம்தான். கையோடு ஒட்டி வந்த முதல் சத்தம் காணாமல் போயிருந்தது. பின்னால் மங்கலாக வந்ததே, எந்தச் சத்தத்தைக் கேசட் என்றானோ அது, அப்படியே இருந்தது.

தூரத்தில் வண்ணான் துணி துவைப்பதைப் பார்த்த எவருக்கும் தெரிந்த விஷயம்தான். துணி கல்லில் படுவது கண்ணுக்கு முதலில் வரும். சத்தம் காற்றில் நடந்து பின்னால் வரும். மேடையிலிருந்து இந்த மரத்தடிக்கு ஏறக்குறைய நூறு மீட்டர் இருக்கும். காற்றில் சத்தம் அந்தத் தூரம் வர ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு ஆகும். ஆக, தாமதமாக வருவதுதான் அசல் டிரம். அப்படியானால் தாமதமே இல்லாமல் வந்த அந்த முதல் சத்தம்?

மனோகரன் மெல்ல அண்ணாந்து வேப்பமரத்தைப் பார்த்தான். தலைக்கு நேர் மேலே, இலைகளுக்கு நடுவில், சின்னப்பையனின் கூம்பு ஸ்பீக்கர் வாயைத் திறந்துகொண்டு தொங்கியது. அவன் பிறந்ததிலிருந்து எல்லா விசேஷத்துக்கும் அதே மரத்தில் தொங்குகிறது. அதனாலேயே அது அவன் கண்ணில் படவில்லை. மேடையில் மைக் பிடித்த சத்தம் ஒயரில் ஓடி வருகிறது. ஒயருக்கு நூறு மீட்டர் ஒரு தூரமே அல்ல, கை இறங்கியதும் இங்கே வந்துவிடும். அதே அடி காற்று வழியாக நடந்து வந்து சேரும்போது இரண்டாவதாகக் கேட்கிறது. ஒரு டிரம்தான். வழிகள்தான் இரண்டு.

“இன்னாடா, மரத்துல இன்னா கீது?” என்றான் தேவராஜ்.

“இரு, வந்துட்டேன்.”

மேசையை நோக்கி நடக்கும்போது மனோகரன் அவசரப்படவில்லை. அவசரப்படத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. இன்னும் கேசட் இருக்கிறது என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். டிரம் அசலாக இருக்கலாம், மற்றதெல்லாம் கேசட்டாக இருக்கலாம். இதைத் தான் கண்டுகொண்டது வேறு யாருக்கும் தெரியாது. கஜபதி மனசை முடித்துவிட்டான். கண்ணம்மா நிம்மதியாகத் தூங்குவாள். நாளைக் காலை ஏழு மணிக்கு இரண்டு சைக்கிள்கள். வாயைத் திறக்காமல் இருந்தால் எல்லாம் தானாக நடந்துவிடும்.

சின்னப்பையன் பீடி பற்ற வைத்துக்கொண்டு மெயின் சுவிட்சைப் பார்த்திருந்தார்.

“அண்ணே, இந்த கேசட்டு எதுக்கு ஓடிட்டிருந்துச்சு?”

“ஓடுச்சா? அது பாட்டப் புடிச்சிக்கினு இருந்துச்சுப்பா” என்றார். டேப் ரெக்கார்டரைத் திருப்பிக் காட்டினார். ஓடவிடுகிற பொத்தானோடு பக்கத்திலிருந்த சிவப்புப் பொத்தானும் அமுங்கியிருந்தது. பதிவு செய்வதற்கு இரண்டையும் சேர்த்து அமுக்க வேண்டும். நடந்து வந்து எட்டிப் பார்த்தபோது மனோகரன் சுற்றுகிற சக்கரத்தைத்தான் பார்த்தான், பொத்தானைப் பார்க்கவில்லை. ரேடியோவை மூன்று முறை பிரித்தவன்.

“பாட்டு ஒரு மண்ணும் புரியல. டிரம்மு நல்லாக்கீது. ஆடி மாசம் அம்மன் ஊர்வலத்துக்குப் போடலாம்னு புடிச்சு வெச்சுக்கிறேன்” என்றார் சின்னப்பையன். “ஏம்ப்பா, போடலாமில்ல?”

“போடலாம்ணே.”

திரும்பி வந்தபோது கஜபதி சைக்கிளை வெளியே எடுத்திருந்தான். தேவராஜ் கேரியரில் உட்கார்ந்துவிட்டான். டிரம் இன்னும் ஓயவில்லை.

“கஜா, நான் சொன்னது தப்பு.”

“எது?”

மனோகரன் சொன்னான். சுருக்கமாகச் சொல்லவே அவனுக்கு வராது. வண்ணான் கல்லில் தொடங்கி, ஒயரில் வருவதையும் காற்றில் வருவதையும் பிரித்து, மேலே கூம்பைக் காட்டி, கீழே சிவப்புப் பொத்தானுக்கு வந்து முடித்தான். கஜபதி வழக்கம்போல நின்று கேட்டான். ஆனால் இந்த முறை கூம்பைப் பார்க்கவில்லை. மனோகரனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நெஜமாத்தான் சொல்றியா? இல்ல எனக்கு மனசு கஷ்டமா கீதுன்னு சொல்றியா?”

“அந்தக் கைய பாருடா. சத்தம் லேட்டா வருது. கரண்டு வந்ததும் மறுபடி ரெண்டா கேக்கும். நீயே பாரு.”

“அப்போ ஓகேன்றியா?”

மனோகரன் மேடையைப் பார்த்தான். வீராவின் சிரிப்பு இன்னும் அவனுக்குப் பிடிக்கவில்லை. பெங்களூரில் அந்த ஓட்டல் இருக்கிறதா, ஆறு மாதம் கழித்து என்ன, இதையெல்லாம் எந்தச் சக்கரத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பது?

“வாசிக்கிறது நெஜம். அது மட்டும்தான் எனக்குத் தெரியும். மத்தது நீதான் பாத்துக்கணும்.”

கரண்டு வந்தது. வேப்பமரம் ஒருமுறை கரகரத்தது. உடனே ‘தம்’மும், அதன் வால் பிடித்து இன்னொரு ‘தம்’மும் கேட்டன. கஜபதி அரை நிமிடம் அந்த வெள்ளைக் கையைப் பார்த்து நின்றான். பிறகு சைக்கிளின் கைப்பிடியை மனோகரனிடம் கொடுத்துவிட்டு, கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு மேடைப் பக்கம் நடந்தான். ஓடவில்லை. பாதி தூரத்தில் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

“போச்சு” என்றான் தேவராஜ். “அந்தம்மா கேட்டா இன்னா சொல்லப் போறே?”

“உள்ளத சொல்றேன்னு சொல்லியிருக்கேன்.”

“உன் மேல தண்ணிய ஊத்தப்போறாங்க.”

வீரா கஜபதியின் பெயரைச் சொன்னான். அது முதலில் மரத்திலிருந்தும் பிறகு மேடையிலிருந்தும் வந்தது. சிவப்பு கிட்டார் கை மாறியது. கஜபதி தலையைக் குனிந்துகொண்டு ஆரம்பித்தான். மொட்டை மாடியில் மனோகரன் எத்தனையோ முறை கேட்டதுதான். மேலே மேலே ஏறிப் போகிற ஒரு சுர வரிசை. அதன் உச்சிக்கு ஒரு படி கீழே அவன் மோதிர விரல் எப்போதும் வழுக்கும். என்ன செய்தும் திருத்த முடியாத வழுக்கல்.

ரெட் சிக்னல் முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. கிட்டார் ஏறியது. மனோகரன் சைக்கிளைப் பிடித்தபடி மூச்சை நிறுத்திக் காத்திருந்தான்.

வழுக்கியது. தலைக்கு மேலே ஒரு முறை. மேடையிலிருந்து இன்னொரு முறை.

“கேசட்டு இல்லடா” என்றான் தேவராஜ், கடலைத் தோலை ஊதியபடி.